அக்கரையில் ஊரடங்கு, இக்கரையில் நாம்: சொந்தங்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துவது எப்படி?

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரிப் பக்கம் எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலை ஏழு மணிக்கே வீடு நிறைய ஆள். எல்லார் கையிலும் போன். நுவரெலியா மாவட்டத்தில் இருக்கும் சின்னம்மாவுக்கு ராத்திரியிலிருந்து அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான். இலங்கையில் பொருளாதார நெருக்கடி, போராட்டம், அதனால் அவசரநிலை, சனிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை ஊரடங்கு என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அங்கே வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் அரசு முடக்கி வைத்திருந்தது. பிற்பகலில் தடை நீங்கியதும் சின்னம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "என்னடி இத்தன மெசேஜ்? நான் ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன்."

ஒரு சாதாரண போன் காலில் தீர்ந்திருக்க வேண்டிய பயம் அது. ஆனால் எங்கள் யார் போனிலும் ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டுக்குப் பேசும் வசதி, இல்லை. இருந்திருந்தாலும் சின்னம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய நம்பரும் எங்களிடம் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்து அந்த வருஷம் முழுக்கத் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீலகிரியில் இருந்துகொண்டு, கலவரமோ நெருக்கடியோ நடக்கும் இடத்தில் இருக்கும் சொந்தங்களுக்கு முதல் தடவையாகத் துணை நிற்கப் போகிறவர்களுக்கு இது.

எங்கள் பக்கத்துக் கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1964 அக்டோபரில் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்கள் வந்ததே இப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அதனால் ஹட்டனிலோ பதுளையிலோ ஒன்று நடந்தால் இங்கே அடுப்பு பற்றாது. 1983 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தாத்தா ஒரு கடுதாசிக்காக வாரக்கணக்கில் போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்றாராம். இன்று நம் கையில் போன் இருக்கிறது. அதை வைத்து நல்லதும் செய்யலாம், அங்கே இருப்பவர்களை இன்னும் பயமுறுத்தவும் செய்யலாம். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

முதல் வேலை பேப்பரில்

குழு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு எடுங்கள். போனிலேயே எழுதிக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் பக்கம் கரண்ட் போய் இரண்டு நாள் வராத ஜூலை மாதத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். வீட்டில் யார் யார், என்ன வயது. இரண்டு போன் நம்பராவது வேண்டும், அதில் ஒன்று வேறு கம்பெனி சிம்மாக இருந்தால் நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் நம்பர், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கியது. அருகில் உள்ள டவுன், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். பிரஷர், சுகர், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம். மாத்திரையின் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பரைச் சேமிக்கும்போது முதலில் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு முன்னால் பிளஸ் 94 போடுங்கள். எங்கள் நோட்டில் பாதி நம்பர் பூஜ்யத்தோடு இருந்தது. இங்கிருந்து அடித்தால் எப்படிப் போகும்?

பிறகு உங்கள் சிம்மில் ஐஎஸ்டி போகிறதா என்று இன்றே ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ரீசார்ஜ் கடையில் கேட்டால் பேக் போட்டுத் தருவார்கள். குடும்பத்தில் ஒருவரிடமாவது அது எப்போதும் இருக்கட்டும். எல்லோருக்கும் தேவையில்லை.

குழுவைச் சின்னதாக வையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். எங்கள் முதல் குழுவில் 140 பேர். தினமும் காலை வணக்கம், பூப்படம், கட்சித் தகராறு. அங்கே ஒரு ஜிபி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு அது பெரிய தண்டனை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அதை இரண்டாகப் பிரித்தோம்.

ஒன்று 'வீட்டுக்குழு'. அங்கே இருக்கும் ஆறு வீட்டிலிருந்து ஆளுக்கு ஒருவர், இங்கிருந்து நான்கு பேர், அவ்வளவுதான். இன்னொன்று இங்கே இருப்பவர்களுக்கு மட்டும். அழுவது, திட்டுவது, டிவி செய்தியைப் பற்றிப் பேசுவது எல்லாம் அந்த இரண்டாவது குழுவில். இந்த ஒரு காரியத்தைச் செய்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. கஷ்டத்தில் இருப்பவரிடம் நம் கஷ்டத்தைக் கொட்டக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

குழுவுக்கு அரசியல் வாசம் இல்லாத பெயர் வையுங்கள். எங்களுடையது 'பாட்டி வீடு'. முகப்புப் படமாகக் கொடி, தலைவர் படம் எதுவும் வேண்டாம். நிர்வாகிகள் இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் மலையில் இருக்கக்கூடாது. தென்மேற்குப் பருவமழையில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் டவர் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் இரண்டாவது நிர்வாகி திருப்பூரில் வேலை செய்யும் என் தம்பி. ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தபோது இங்கே மழையில் கரண்ட் இல்லை. அன்று முழுக்கக் குழுவை நடத்தியது அவன்தான்.

செய்தி தானாகவே அழிந்துபோகும் 'மறையும் செய்தி' வசதியை ஏழு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஒன்று, இரண்டு, மூன்று

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். கணக்குப் போட வேண்டியதில்லை. தினமும் ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். நாங்கள் இரவு ஏழரை என்று வைத்தோம், பிறகு அங்கே கரண்ட் வெட்டும் நேரத்தைப் பார்த்து மாற்றினோம். 2022 மார்ச் கடைசியில் அங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. சார்ஜ் நான்கு சதவீதத்தில் நிற்கும் போனில் யாரும் கதை எழுத மாட்டார்கள். அதனால் வெறும் எண்.

1 என்றால் எல்லோரும் நலம். 2 என்றால் அவசரமில்லை, பேச வேண்டும். 3 என்றால் உடனே கூப்பிடு.

கேட்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் எழுதப் படிக்கக் கஷ்டப்படும் என் பெரியப்பாகூட ஒன்று அழுத்திவிட்டுத் தூங்கப் போவார். இதற்கு இங்கிருந்து ஒருவர் மட்டும் பதில் போட்டால் போதும். பத்துப் பேர் கைகூப்பும் படம் போட வேண்டாம்.

ஒரு நாள் எண் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அமைதியாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு இது. முதல் இரவு வரவில்லையென்றால் ஒன்றும் செய்வதில்லை. மறுநாள் காலை ஒரு சாதாரண எஸ்எம்எஸ். மத்தியானம் வரை பதில் இல்லையென்றால் ஐஎஸ்டி கால். அதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு நம்பர். கூப்பிடுவது ஒரே ஒருவர், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். இருபது பேர் மாறி மாறி அடித்தால் அந்தப் போனில் மிச்சமிருக்கும் சார்ஜும் போய்விடும்.

வாட்ஸ்அப்பே வேலை செய்யாத நாள்

அப்படி ஒரு நாள் வரும் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் முடக்கினார்கள். 2022-இல் நடந்தது நான் மேலே சொன்னது.

இப்படிப்பட்ட தடையில் சாதாரண காலும் எஸ்எம்எஸ்ஸும் பெரும்பாலும் வேலை செய்யும். அதனால்தான் பேப்பர் நோட்டு. அடுத்தது விபிஎன், அதாவது வேறு நாட்டு வழியாக இணையத்தைத் திருப்பிவிட்டுத் தடையைத் தாண்ட உதவும் ஆப். 2022-இல் அங்கே நிறையப் பேர் அதை வைத்துத்தான் சமாளித்தார்கள். ஆனால் தடை வந்த பிறகு தேடி இறக்குவது சிரமம், முன்பே போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நல்லதல்ல. உங்கள் தகவலை விற்றுத்தான் சிலர் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து வாட்ஸ்அப்பிலேயே ப்ராக்ஸி என்ற வசதியும் இருக்கிறது, தடை இருந்தாலும் இடையில் வேறொரு சர்வர் வழியாக இணைய அது உதவும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதிக்குள் பாருங்கள். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் அதை அமைக்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேசும்போது டேட்டாவை மிச்சம் பிடிக்கும் அமைப்பும் அங்கேயே இருக்கிறது. வீடியோ கால் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். முகம் பார்க்க ஆசைதான். ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜில், பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தத்தோடு, குரல் எப்படி இருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்துவிடும்.

வதந்தி: நான் செய்த தப்பு

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். எனக்கு ஒரு வீடியோ வந்தது. தெருவில் தீ, ஓடும் கூட்டம், துப்பாக்கிச் சத்தம். சின்னம்மா ஊருக்குப் பக்கத்து டவுனின் பெயரைப் போட்டு 'இப்போது' என்று எழுதியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் வீட்டுக்குழுவில் தட்டிவிட்டேன். கூடவே 'யாரும் வெளியே போகாதீங்க' என்று என் உபதேசம் வேறு.

சின்னம்மாவின் பேத்தி அந்த டவுனில்தான் பள்ளிக்கூடம் படிக்கிறாள். டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாள் அது. சின்னம்மா கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு, மழையில், குறுக்குப் பாதையில் இறங்கி ஓடியிருக்கிறார். போய்ப் பார்த்தால் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கடைகள் திறந்திருக்கின்றன. வாட்ச்மேன் சிரித்திருக்கிறார். சின்னம்மாவுக்கு அன்றைய அரை நாள் பேர், அதாவது கூலிக் கணக்கு, போச்சு, முழங்கால் வீங்கி மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த வீடியோ வேறு ஏதோ நாட்டில் பல வருஷத்துக்கு முன் எடுத்தது என்று ராத்திரி தம்பி கண்டுபிடித்துச் சொன்னான். சின்னம்மா என்னைத் திட்டவில்லை. "நீ பார்த்துத்தானே அனுப்புவ"ன்னு நினைச்சேன் என்றார். அது திட்டைவிட மோசம்.

அங்கே இருப்பவர்களுக்கு நம்மைவிட அதிகமாக அங்கே நடப்பது தெரியும். இது ரொம்பச் சாதாரண விஷயம், ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்தவுடன் மறந்துபோகும். அதனால் எங்கள் குழுவில் பிறகு ஒரு விதி போட்டோம். இங்கிருந்து யாரும் நாட்டு நடப்புச் செய்தி அனுப்பக்கூடாது. அங்கே இருப்பவர் கேட்டால் மட்டும், கேட்டதை மட்டும் தேடிச் சொல்ல வேண்டும். "நாளைக்கு ஊரடங்கு இருக்கா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் கரண்ட் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அப்போது தேடுங்கள். ஊரடங்கு அறிவிப்பு அங்கே அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் மூலம் வரும், தமிழிலும் போடுவார்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டு, நீங்களே தட்டச்சு செய்து ஒரே வரியில் அனுப்புங்கள். ஃபார்வர்டு வேண்டாம்.

உங்களுக்கு வரும் வீடியோவைச் சோதிப்பது கஷ்டமில்லை. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பே அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மேல் அனுப்ப விடாது. வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பழையதாக இருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கடைப் பலகையில் என்ன மொழி இருக்கிறது, வண்டி நம்பர் பிளேட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அனுப்பியவரிடம் நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

தப்பாக அனுப்பிவிட்டால் அழித்துவிட்டு நல்லபிள்ளை மாதிரி இருக்காதீர்கள். நான் அனுப்பியது பொய், இன்ன காரணம் என்று அதே குழுவில் எழுதுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

நமக்குச் செலவில்லை, அவர்களுக்கு உண்டு

கோத்தகிரியில் டீ குடித்துக்கொண்டே அந்த நாட்டு அரசைத் திட்டி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவது நமக்குச் சுலபம். அது இருக்கப்போவது அங்கே ஒருவரின் போனில். 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2007-ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம், 2024-இல் வந்த நிகழ்நிலைக் காப்பு (ஆன்லைன் பாதுகாப்பு) சட்டம் என்று எழுதியதற்கும் பகிர்ந்ததற்கும் ஆட்களைப் பிடிக்கப் போதுமான சட்டங்கள் அங்கே உண்டு. சோதனைச் சாவடியில் போனைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன இருக்கும் என்று யோசித்து எழுதுங்கள். மறையும் செய்தி இதற்குத்தான்.

போராட்டத்துக்குப் போன மச்சானின் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்துப் பெருமைப்படாதீர்கள். அவரிடம் கேட்காமல் கூடவே கூடாது, பக்கத்தில் நிற்பவர்களின் முகமும் அதில் இருக்கிறது. போட்டோவை டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த இடமும் சேர்ந்து போகலாம். சாதாரணப் படமாக அனுப்புங்கள். எல்லோரும் வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் (PIN) நம்பரைப் போட்டுக்கொள்ள வேண்டும், அது ஐந்து நிமிட வேலை.

காசு கேட்டு ஒரு செய்தி வந்தால், அது அத்தை நம்பரிலிருந்தே வந்திருந்தாலும், கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். நெருக்கடி நேரத்தில் கணக்கைப் பிடுங்கிக்கொண்டு பணம் கேட்கும் ஆட்கள் அதிகம். எங்கள் வீட்டில் ஒரு கேள்வி உண்டு: பாட்டி வளர்த்த மாட்டின் பெயர் என்ன? வெளியாள் யாருக்கும் தெரியாது.

பணமும் சாமானும்

பணம் அனுப்ப வங்கிதான் வழி. நெருங்கிய உறவினரின் பராமரிப்புக்கென்று, ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் அனுப்பலாம். பான் கார்டு வேண்டும், ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும், அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரம் சரியாக வேண்டும். முதல் தடவை வங்கியில் அரை நாள் போகும், கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாமல் மேனேஜரைக் கேட்பார். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் வழியில், கொடுத்தால் சாயங்காலமே போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். சட்டவிரோதம், காசு போனால் கேட்க நாதியில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஏமாந்தார், வெளியே சொல்லக்கூட முடியவில்லை.

சின்ன உதவிகள்தான் உண்மையில் கைகொடுத்தன. போனுக்கு ரீலோட் போட்டுவிடுவது அதில் முதலாவது. அங்கே ரீசார்ஜுக்கு ரீலோட் என்று பெயர். வெளிநாட்டு நம்பருக்குப் போடும் ஆப்கள் இருக்கின்றன. என்ன வேண்டும் என்று கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நாங்கள் அரிசி என்று நினைத்தோம். சின்னம்மா கேட்டது பால்மா, அதாவது பால் பவுடர். அங்கே டீக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான். தமிழ்நாடு அரசு 2022-இல் அரிசி, மருந்துகளோடு 500 டன் பால் பவுடரும் அனுப்புவதென்று முடிவு செய்து மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. தனி ஆளாக நீங்களும் நானும் மூட்டை கட்டி அனுப்புவது அவ்வளவு நடக்கிற காரியமில்லை.

என்ன பேசுவது?

கேட்கலாம்: சாப்பிட்டாச்சா, மழையா, மாடு கன்னு போட்டுச்சா. கேட்கக்கூடாதது: நீங்க எந்தப் பக்கம்? சொல்லக்கூடாதது: பேசாமல் கிளம்பி இங்கே வந்துடுங்க. பாஸ்போர்ட், காசு, வேலை, வீடு எதற்கும் நம்மிடம் வழியில்லாமல் அதைச் சொன்னால், அவர்கள் வராமல் இருப்பது அவர்கள் தப்பு என்பது போல ஆகிவிடும். என் மாமா இதைச் சொல்லி, பெரியப்பா ஒரு வாரம் 1 அழுத்தவில்லை. 'அம்பது வருஷத்துக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னாங்க' என்று அப்புறம் எனக்குத் தனியாகச் சொன்னார்.

பேச்சு அவர்கள் இஷ்டத்துக்குப் போகட்டும். ஒரு நாள் சின்னம்மா 'லைன்ல நிக்கிறேன்' என்று செய்தி போட்டார். வீட்டு வாசலில் நிற்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். மண்ணெண்ணெய்க்கு நான்கு மணி நேரமாக வரிசையில் நின்றிருக்கிறார். அங்கே குடியிருப்பு 'லயம்'. அன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அரை மணி நேரம் போனது. அந்த வரிசையில் நின்றபடியேதான் அவரும் சிரித்தார்.

ராத்திரி தூக்கமில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். இலங்கையில் 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். ஆம்புலன்சுக்கு 1990. இந்த இரண்டையும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இங்கே நமக்கு 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ஜூலையில் தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் நான், ஒரு வாரம் தம்பி என்று முறை வைத்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அடங்கிய பிறகு

குழுவைக் கலைக்காதீர்கள். தினம் ஒரு எண் என்பதை வாரம் ஒன்றாகக் குறையுங்கள். பழைய போட்டோக்களை, முக்கியமாக முகம் தெரிகிறவற்றை, எல்லோர் போனிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து எல்லா நம்பருக்கும் அடித்துப் பாருங்கள். போன வாரம் நான் அடித்தபோது ஆறு வீட்டில் இரண்டு நம்பர் மாறியிருந்தது. அதில் ஒன்று சின்னம்மாவுடையது. சிம் மாற்றி ஒரு மாதம் ஆகிறதாம், 'அதான் வாட்ஸ்அப்ல பேசுறோமே'ன்னு சொல்லவில்லையாம்.